முன்கை படாத கிற்றார்

முதலில் கால்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் நின்று வாசித்துவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். வார் இருந்த இடம் பாதத்தில் பள்ளமாகக் கிடந்தது. விரலால் அமத்திப் பார்த்தேன். அமத்திய இடமும் குழியாகவே நின்றது. நின்ற களைப்பு என்று முடிவு கட்டினேன். பதினாறு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவள் நான். செய்கை காட்டாமல் விடை எழுதும் பிள்ளைகளுக்கு அரைப் புள்ளிகூடப் போடாதவள், எனக்கு மட்டும் முழுப் புள்ளி போட்டுக்கொண்டேன்.

நான் வாசிப்பது பேஸ் கிற்றார். நாலு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் அதிலிருந்துதான் வரும். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். மட்டக்களப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம், கோயில் திருவிழா என்று போகும் ஒரு குழுவில் நான் மட்டும்தான் பெண்.

கால் வீக்கத்துக்குப் பின்னால் வாயில் இரும்புச் சுவை வந்தது. சோற்றைக் கண்டால் ஓங்காளம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாற்றினின் (தசைகள் விடும் கழிவு, சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்ற வேண்டும்) இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது என்றார் வைத்தியர்.

அம்மா அந்த இடத்திலேயே தன்னுடையதில் ஒன்றை எடுக்கச் சொன்னார். அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று வைத்தியர் மெதுவாகச் சொன்னார். அம்மா அழவில்லை. கோபப்பட்டார்.

"பெத்த தாய்ட எடுக்க ஏலாட்டி, மறுகா ஆர்ட எடுக்கப் போறீங்க?"

தானம் கிடைக்கும்வரை பட்டியலில் காத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். அதுவரைக்கும் டயலிசிஸ் (இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவது). கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணித்தியாலம். நாளுக்குக் குடிக்க ஒரு சின்னப் போத்தல் தண்ணீர், தேத்தண்ணியும் அதற்குள்தான். மட்டக்களப்பு வெயிலில் அது என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் சிறுநீரக நோயாளர் மலரில் இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அந்தப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

முதலில் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அது தற்காலிகம். நிரந்தர வழிக்குக் கையில் பிஸ்டுலா போட வேண்டும் (நாடியையும் நாளத்தையும் தைத்து இணைப்பது, நாடியின் வேகம் பாய்ந்து நாளம் பருத்து, தடித்த ஊசியைத் தாங்கும் நிலைக்கு வரும்). சத்திரசிகிச்சை நிபுணர் என் இரண்டு கைகளையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்.

"எழுதுறது எந்தக் கை?"

"வலது."

"அப்ப இடது கையில போடுவம். பழக்கமில்லாத கையிலதான் வழமையாப் போடுறது."

"இடது கைதான் டொக்டர் என்ட கிற்றார்ல கம்பி அமத்துற கை. அதைத் தர மாட்டன். வலதில போடுங்க."

அவர் காரணம் சொன்னார். நான் எதிர்க்காரணம் சொன்னேன். வலது கை நாளமும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டு பேனையை எடுத்து என் வலது மணிக்கட்டில் கோடு போட்டார். அன்றைக்கு நான் வென்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.

காயம் ஆறியதும் மணிக்கட்டுக்கு மேலே ஒரு உறுமல் தொடங்கியது. பூனையின் கழுத்தைத் தொட்டால் விரலுக்கு வருமே, அப்படி. இரத்தம் பாய்ந்து ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு காலையும் இடது கை விரல்களை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நின்றுவிட்டால் உடனே ஓடிவர வேண்டும். அந்தக் கையில் பை தூக்கக்கூடாது, வளையல் போடக்கூடாது, அதன்மேல் படுக்கக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டேன். நல்ல பிள்ளையாக நடந்தேன்.

ஆறு கிழமை கழித்து, புளியந்தீவில் ஒரு கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அறையில் ஒத்திகைக்குப் போனேன். பழைய கிற்றாரை மடியில் வைத்து இரண்டு மணித்தியாலம் வாசித்தேன். இடது கை ஓடியது. அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

அடுத்த நாள் காலையில் உறுமல் இல்லை.

மணிக்கட்டில் விரலை மாற்றி மாற்றி வைத்தேன். அம்மாவின் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை, செத்த கை. ஆஸ்பத்திரியில் நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து இந்தக் கையை எங்க வச்சிருந்தீங்க?"

கிற்றார் இருப்பதுபோல் நடித்துக் காட்டினேன். காட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. பேஸ் வாசிக்கிறவர் எவரும் வலது முன்கையைக் கிற்றாரின் மேல் விளிம்பில் ஊன்றித்தான் வாசிப்பார். பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான் நானும் வாசிக்கிறேன். விளிம்பு சரியாக அந்தப் புது நாளத்தின்மேல் இரண்டு மணித்தியாலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இடது கையைக் காப்பாற்ற நான் போட்ட சண்டையில் வலது கையின் வேலையை மறந்துபோனேன். வேறு யாருடைய பிழையும் இல்லை.

அன்றைக்கே கையைத் திறந்து கட்டியை (உறைந்த இரத்தம்) எடுத்தார்கள். உறுமல் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அடைத்தால் இந்தக் கை போய்விடும், பிறகு மற்றக் கைதான் என்றார் நிபுணர். அதாவது இடது கை.

வீட்டில் அம்மா பழைய கிற்றாரை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

"உசிரு பெரிசா, அந்தக் கட்டை பெரிசா? சொல்லு புள்ள."

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் கிடையாது."

அன்றிலிருந்து அவர் என்னை நம்பவில்லை. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, தானே என் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "ஓடுது" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி.

நோய் தனக்கு நிறையப் பாடம் சொல்லித்தந்தது என்று எழுதுகிறவர்களை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு அது ஒரு மண்ணும் சொல்லித்தரவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். கையை மாற்ற முடியாது. கிற்றாரை மாற்றலாம். டயலிசிஸ் கட்டிலில் கழுத்துக் குழாயோடு படுத்துக்கொண்டு வரைபுக் கொப்பியில் கோடு போடத் தொடங்கினேன்.

காத்தான்குடியில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் நவாஸ் நானாதான் (நானா என்றால் அண்ணன்) எங்கள் பள்ளிக்கூட மேசைகளைத் திருத்துகிறவர். படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், கட்டில் கேளுங்க, அலுமாரி கேளுங்க, நாளைக்கே செஞ்சி தாறன். இது என்ன சாமான்? எலி திண்ட பாண் மாதிரி இரிக்கி."

படம் போதாது என்று எனக்கும் தெரியும். மேசையில் இருப்பதும் உடம்பில் தொங்குவதும் ஒன்றல்ல. பலகைத் தட்டில் ஒரு மாதிரி வெட்டித் தரச் சொன்னேன். பிறகு பையிலிருந்து வகுப்பு வெண்கட்டியை எடுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பிஸ்டுலா ஓடும் பாதையில் மெதுவாகப் பூசினேன். பலகையை மாட்டிக்கொண்டு வாசிப்பதுபோல் கையை ஆட்டினேன். கழற்றிப் பார்த்தால் விளிம்பில் வெள்ளை. வெள்ளை பட்ட இடத்தை நானா அரிந்தார். மறுபடியும் பூசினேன், மறுபடியும் மாட்டினேன், மறுபடியும் வெள்ளை.

"டீச்சர், இன்னும் வெட்டினா ஒண்டும் மிஞ்சாது."

"மிஞ்சாட்டிப் பரவாயில்ல நானா. கை மிஞ்சினாக் காணும்."

ஏழாவது தடவை பலகையில் வெள்ளை படவில்லை. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பை முழுக்கத் தேடினார். பிறகு மரம் எடுக்கப் போனார்.

உடலுக்கு மலைவேம்பு, தூக்கினால் கனமே தெரியாது. பழைய கிற்றாரை அலுமாரியிலிருந்து இறக்கிக் கழற்றினேன். என் இடது கைக்குப் பழகிய கழுத்தையும் கம்பி முறுக்கும் ஆணிகளையும் மின் பாகங்களையும் எடுத்துக்கொண்டேன். என் நாளத்தை நெரித்த உடல் விறகானது. கம்பி போய் முடியும் பாலத்தை எங்கே பதிப்பது என்பதை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. கழுத்தின் மேல் முனையிலிருந்து பன்னிரண்டாம் கட்டைக்கு (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்று) எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பாலத்துக்கும் அவ்வளவு. ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் சுருதி கெடும். நாலு தடவை அளந்த பிறகே துளை போட விட்டேன்.

மாட்டிப் பார்த்தபோது கிற்றாரின் கழுத்து நிலத்தை நோக்கிச் சரிந்தது. உடல் அவ்வளவு இலேசாகிவிட்டது. இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தாங்க வேண்டியிருந்தது. நானா தாடியைச் சொறிந்தார். கதவு நிலைக்கு வைத்திருந்த முதிரைத் துண்டொன்றை எடுத்து வால் பக்கத்தில் பொருத்தினார். கல்லுப்போல் கனக்கும் மரம் அது. கிற்றார் நிமிர்ந்து நின்றது.

அந்தக் கிழமை தாதி என் தலைமுடியில் மரத்தூளைக் கண்டுவிட்டார். "டீச்சர், கழுத்தில ஓட்டையை வச்சுக்கொண்டு மரம் அரியிறீங்களா?" என்று வார்ட்டே கேட்கக் கத்தினார். அவர் சொன்னது நியாயம். கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி போனால் நேரே இதயம்தான். அதன் பிறகு பட்டறைப் பக்கம் நான் போகவில்லை. உரசி வழவழப்பாக்கியது முழுக்க நானா. தின்னர் மணக்கும் பூச்சும் வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதால், லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) பூசத் தீர்மானித்தேன்.

டயலிசிஸ் இல்லாத நாட்களில், கையுறை போட்டு, இடது கையால், ஒரு நாளுக்கு ஒரு பூச்சு. அது மாரிகாலம், பூசியது காயவே இல்லை. ஒட்டும், துடைப்பேன், காத்திருப்பேன். "மீன் சட்டி கழுவாம வச்ச மாதிரி நாறுது" என்று அம்மா தினமும் சொன்னார். மழை வந்தால் மட்டும் அதை உள்ளே தூக்கி வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

எட்டுப் பூச்சு முடிந்ததும் கிற்றாரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அதற்குள் பிஸ்டுலா பருத்து, ஊசியைத் தாங்கி, கழுத்துக் குழாயையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நிபுணர் என்னை மாட்டச் சொல்லி, என் கிளினிக் அட்டையை எடுத்து முன்கைக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டார். எங்கேயும் தட்டாமல் அட்டை மறுபக்கம் வந்தது.

"இப்ப நீங்க முடிவெடுக்கிறதெண்டா, எந்தக் கையில போடச் சொல்லுவீங்க?"

"இப்பவும் வலதுதான் டொக்டர். ஆனா வெண்கட்டியோட வந்திருப்பன்."

கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி உறுமலைப் பார்க்க வேண்டும், அந்த நிபந்தனையோடு வாசிக்கலாம் என்றார்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள். ஆனால் உங்கள் கை எந்த வேலை செய்கிறது, எங்கே ஊன்றுகிறது, எதைத் தூக்குகிறது என்று வெட்டுவதற்கு முன்னாலேயே வைத்தியருக்குச் செய்து காட்டுங்கள். நான் வாயால் சொன்னேன். செய்து காட்டவில்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு கல்யாணம். அம்மாவும் வந்தார், என்னை நம்பாததால். முன்வரிசையில் உட்கார்ந்து என் வலது கையையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்று பாட்டு முடிந்தது. கால் மணித்தியாலம். இடது கை விரல்களை மணிக்கட்டில் வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

அழுத்தினேன், இடம் மாற்றினேன். ஒன்றுமில்லை. பல மாதம் கம்பி தொடாததில் விரல் நுனிக் காய்ப்பு எல்லாம் உரிந்துபோயிருந்தது. மூன்று பாட்டில் நாலு நுனியும் கொப்பளித்து மரத்துவிட்டன. உறுமல் நின்றுவிட்டதா, விரல்தான் செத்துவிட்டதா? நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? டிரம்ஸ் அடிக்கும் ரவி குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தான். சபை திரும்பிப் பார்த்தது.

அம்மா எழும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். மாப்பிள்ளை பொம்பிளை, சபை, கமரா எல்லாவற்றுக்கும் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை வைத்து, கண்ணை மூடினார். வீட்டில் காலையில் பார்ப்பதுபோலவே பார்த்தார். அவசரப்படவில்லை.

"ஓடுது" என்றார். பிறகு, நான் ஏதோ சுணங்கிக்கொண்டு நிற்பதுபோல், "என்ன பாக்காய்? அடி புள்ள" என்றார்.

இப்போதும் நான் பட்டியலில்தான் இருக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள் இயந்திரத்துக்கு, அது மாறவில்லை. விரல் நுனி திரும்பக் காய்த்துவிட்டது. காய்த்த விரலுக்கு உறுமல் இன்னும் குறைவாகத்தான் தெரிகிறது. என் உடம்பில் ஒரு இடம் இருக்கிறது, அதைத் தொட்டுச் சொல்ல எனக்கு இன்னொருவர் வேண்டும். முன்பு பாட்டுக் கணக்கில் போன நேரம் இப்போது கால் மணித்தியாலங்களாகப் போகிறது. மேடைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறோம்.