இடது பின்சக்கரம்

வண்டி ரிப்பேர் பட்டறையில் அவருக்குப் பெயர் சல்லடை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது, அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்துத்தான் வாங்குவார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இரண்டு மருந்துக் கடைகளில் காட்டுவார். இரண்டிலும் ஒரே மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், "பாத்தியா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டானுங்க" என்பார். பெண் பார்க்கப் போன இடங்களில் விசாரித்து, விசாரித்ததையே மறுபடி விசாரித்து, வயது ஏறி, கல்யாணமே இல்லாமல் போயிற்று. நல்லவேளை, ஒரு பெண் தப்பித்தாள் என்று எதிர்க்கடை டீக்காரர் சொல்வார். அவர் போடும் டீயையும் சல்லடை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்பதால் டீக்காரருக்கு அந்தக் கோபம் உண்டு.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்மீது மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. அது அவர் தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபிறகு தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து எல்லாம் அவர்தான். அவளும் அப்படித்தான் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திற என்றால் திறப்பாள், கசப்பு மருந்தா கல்கண்டா என்று கேட்கமாட்டாள். ஊரெல்லாம் அவரைக் கேலி செய்யும்போது, "எங்கண்ணன் பாத்துடுச்சுன்னா நான் ஏன் இன்னொரு தடவ பாக்கணும்?" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சல்லடை காலையில் எழுந்து பட்டறைக் கதவைத் திறந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவரே. வேலை பார்த்த இடம், குடியிருந்த தெரு, முடிவெட்டிக்கொள்ளும் கடை வரைக்கும் போய் விசாரித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. கல்யாணத்தை முடித்து வைத்தார். அதற்குப் பிறகுதான் சந்தேகம் ஆரம்பித்தது. ஒரு குறைகூட இல்லாத மனுஷன் உலகத்தில் உண்டா? அப்படியானால் எதையோ அமுக்கமாக மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்!

மாப்பிள்ளை வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். தங்கையும் அவனும் சல்லடையின் பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறைக்குக் குடிவந்தார்கள். அவன் கீழே வெல்டிங்கும் அடிப்பாக வேலையும் பார்த்தான். அவள் மாடி வராந்தாவில் தையல் மிஷின் போட்டு வண்டி சீட்டுகளுக்கு உறை தைத்தாள். அன்றிலிருந்து சல்லடைக்கு நிம்மதி போயிற்று. நேரில் "வாங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள" என்பார். மனசுக்குள் வாடா போடாதான். போன் வந்தால் இவன் ஏன் வாசலுக்குப் போய்ப் பேசுகிறான்? வேலை செய்யும்போது பேசாத ஆள், கை கழுவும்போது மட்டும் ஏன் சீட்டி அடிக்கிறான்? என்றைக்கோ ஒருநாள் தங்கையைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அதுதான் அவர் பயம். அதற்குமுன் இவனுடைய குட்டை உடைத்து அவளுக்குக் காட்டிவிடவேண்டும். அதுதான் அவர் திட்டம்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பிக்கப் வந்து சேர்ந்தது. கால்நடை மருத்துவர் அம்மா ஒருவர் மலைக் குடியிருப்புகளுக்குப் போய்வர வைத்திருந்த பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், பாறையிலும் சேற்றிலும் ஏறும். ஒருகாலத்தில் ஏறியது என்று சொல்லவேண்டும். இப்போது லாரியில் ஏறி வந்தது. அடிச்சட்டமான சேஸிஸில் விரலை வைத்தால் துரு அப்பளமாகப் பொடிந்தது. பின் ஆக்ஸில் வளைந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

"புது வண்டி வாங்கிக்கலாமேம்மா" என்றார் சல்லடை.

"புது வண்டில பாதி கம்ப்யூட்டர். மலைல நின்னா நான் மாட்டையா பாப்பேன், அதையா பாப்பேன்? இதயே சரி பண்ணிக் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

பிரித்துப் போட்டார்கள். பட்டறை முழுக்க வண்டி பரவிக் கிடந்தது. சல்லடை எஞ்சினை எடுத்துக்கொண்டார்: சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றி, கியர்பாக்ஸைக் கழுவி, நான்கு சக்கர இழுவைக்கான பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். சேஸிஸும் ஆக்ஸிலும் மாப்பிள்ளை பொறுப்பு. அவன் வெல்டிங் வைத்த இடத்தையெல்லாம் சல்லடை சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

பின் ஆக்ஸில்தான் எங்கும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வாசலில் நின்று போன் மேல் போன் போட்டு, பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில், இதே வண்டியின் இன்னும் பழைய மாடலில் இருந்த ஆக்ஸிலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், இந்த ஆக்ஸில்ல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

சல்லடை விட்டால்தானே? "எந்தக் கிடங்கு? யாரு குடுத்தா? உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"தெரிஞ்சவருதான் மச்சான். நான் சொல்ல வந்தது, இடது பக்கம்..."

"ஆக்ஸில பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா மாப்ள? நீங்க ஸ்பேனர் பிடிக்கறதுக்கு முன்னாடியே நான் ஆக்ஸில் இறக்கினவன்."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு கை கழுவப் போனான். சீட்டி அடித்தான். சல்லடைக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சக்கரங்கள் மாட்டிய அன்று மாலை, மாப்பிள்ளை மாடிக்குப் போனபிறகு, சல்லடை வழக்கம்போலத் தன் பரிசோதனையை ஆரம்பித்தார். அவர் முறை எளிது. ஸ்பேனரின் வாலில் நீளமான குழாயைச் செருகி, ஒவ்வொரு நட்டையும் இறுக்கும் பக்கம் ஒரே ஒரு தம் பிடித்து அழுத்துவார். அசையவில்லை என்றால் மாட்டியவன் ஒழுங்கு. அசைந்தால் மாட்டியவன் திருட்டுப்பயல். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கல்லாட்டம் நின்றன. இடது முன்சக்கரமும் அப்படியே. இடது பின்சக்கரத்தில் மட்டும் ஒவ்வொரு நட்டும் "க்ரீச்" என்று முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது.

"அடப்பாவி!" என்றார் சல்லடை வாய்விட்டே. இத்தனை நாள் தேடிய குறை கையில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவே இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் மாலையும் பார்த்தார். நேற்று தானே இறுக்கிய நட்டுகள் மறுபடி க்ரீச் என்று நகர்ந்தன. இப்போது சந்தோஷம் போய்த் திக்கென்றது. இறுக்காமல் விட்டது கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இறுக்கியதை ஒருவன் தேடிவந்து கழற்றுகிறான் என்றால்? சாக்பீஸால் நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பார்த்தால் கோடு விலகி நின்றது.

இரவா பகலா என்று தெரியாத அளவுக்கு மண்டை காய்ந்தது. யாரைக் கவிழ்க்கப் பார்க்கிறான்? டாக்டரம்மாவையா? இல்லை, வெள்ளோட்டம் ஓட்டப்போகிற என்னையா? நான் போய்விட்டால் பட்டறை அவனுக்கு. தங்கை அவன் சொன்னபடி கேட்பாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகத்துக்கு எப்போது எது பொருந்தாமல் போயிருக்கிறது?

வெள்ளோட்டத்தன்று விடிந்ததும் சல்லடை பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். முழங்கால் வலித்தது, தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை இறங்கி வந்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். நேராக இடது பின்சக்கரத்தருகே குந்தி, ஸ்பேனரை மாட்டி, இடது பக்கமாக, ஆமாம், கழற்றுகிற பக்கமாக, ஒவ்வொரு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். பிறகு ஒன்றும் தெரியாதவன்போலக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

கண்ணால் பார்த்தாயிற்று! சல்லடை உடனே போய் அந்த நட்டுகளை இறுக்கியிருக்கலாம். மாடிப்படியில் நின்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. தனியாகக் கேட்டால் மழுப்பிவிடுவான். தங்கை கண்ணெதிரே, கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும்.

பத்து மணி வெயிலில் வண்டி வாசலில் நின்றது. பச்சை பெயிண்ட் பளபளத்தது. தங்கை புதிதாய்த் தைத்த சீட்டைத் தட்டி, "நான் தெச்ச சீட்டு, நான்தான் மொதல்ல ஒக்காருவேன்" என்று சிரித்துக்கொண்டு இடது பக்கம் ஏறிக்கொண்டாள். "மச்சான், நீங்க ஓட்றீங்களா?" என்றான் மாப்பிள்ளை. "நீங்களே ஓட்டுங்க" என்றார் சல்லடை. தன் குரல் அவ்வளவு நிதானமாக வந்தது அவருக்கே வியப்பு. எஞ்சின் முதல் சாவியிலேயே எழுந்தது. மாப்பிள்ளை கியரைப் போட்டான்.

சல்லடை பாய்ந்து வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"நிறுத்துடா!"

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தான். தங்கை கதவைத் திறந்து தலையை நீட்டி, "என்னண்ணே ஆச்சு?" என்றாள்.

"எறங்கும்மா கீழ. ஒம் புருஷன் காலைல பின்சக்கரத்தக் கழட்டி விட்டிருக்கான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். தெனமும் நான் இறுக்கறேன், தெனமும் இவன் வந்து கழட்டறான். கேளு அவன!"

தங்கை இறங்கினாள். மாப்பிள்ளை மெதுவாக இறங்கி வந்தான். கோபப்படவில்லை. அதுதான் சல்லடைக்குச் சகிக்கவில்லை.

"நானும் பாத்துக்கிட்டுதான் மச்சான் இருக்கேன்" என்றான். "சாயந்தரம் நான் இறுக்கிட்டுப் போறேன், காலைல வந்தா கழண்டு கெடக்கு. நீங்கதான்னு தெரியும். எம்மேல பழி போட்டுத் தொரத்த வழி தேடறீங்கன்னு நெனச்சேன். இவ மனசு ஒடஞ்சிடும்னுதான் சொல்லல. காலைல காலைல நான் இறுக்கி வெச்சேன்."

"இறுக்கினியா? என் கண்ணு பொட்டையா?"

மாப்பிள்ளை ஸ்பேனரையும் குழாயையும் எடுத்து வந்து நீட்டினான். "நீங்களே இறுக்குங்க. ஒரு தம்மோட நிறுத்தாதீங்க. இறுகற வரைக்கும் திருப்புங்க."

சல்லடை குழாயை மாட்டி, இறுக்கும் பக்கம் அழுத்தினார். க்ரீச். இன்னும் அழுத்தினார். நகர்ந்தது. இன்னும் திருப்பினார். சுலபமாகச் சுற்றியது. குழாயை எடுத்துவிட்டு விரலால் திருப்பினார். நட்டு சுற்றிச் சுற்றி வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

லெஃப்ட் திரெட். அந்தப் பழைய மாடலில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் புரி எதிர்ப்பக்கம் வெட்டியிருந்தார்கள். இடது பக்கம் திருப்பினால் இறுகும், வலது பக்கம் திருப்பினால் கழலும். கனரக லாரிகளில் எத்தனை பார்த்திருக்கிறார்! இந்த வண்டியில் இருக்கும் என்று நினைக்கவில்லை. சொல்ல வந்தவனைச் சொல்லவும் விடவில்லை. இத்தனை நாளும் மாலை மாலை வந்து, தம் பிடித்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது அவரேதான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்றார். "பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க." அதை மனசாரத்தான் சொன்னார்.

"விடுங்க மச்சான். நானும் வாயத் தொறந்திருக்கணும்" என்றான் மாப்பிள்ளை. அதோடு முடிந்துவிட்டது என்றுதான் சல்லடை நினைத்தார்.

தங்கை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். எதையோ கணக்குப் போடுகிறவள்போல நெற்றியைச் சுருக்கியிருந்தாள்.

"அண்ணே. சக்கரம் கழண்டிருக்குன்னு நீ காலைலயே நெனச்சே."

"ஆமாம்மா. ஆனா அது..."

"நெனச்சிக்கிட்டே என்னை ஏறவிட்டே. வண்டி கெளம்பற வரைக்கும் காத்திருந்தே. இல்ல?"

சல்லடை வாயைத் திறந்தார். முன்னால் நின்று நிறுத்திவிட்டேனே, உனக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேனே என்று சொல்ல வந்தார். நிறுத்தாமல் மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் எடுத்திருந்தால்?

"அவருக்குத் தெனமும் கழலுதுன்னு தெரியும், எங்கிட்ட சொல்லல. ஒனக்கும் தெரியும், நீயும் சொல்லல. ரெண்டு பேருமா சேந்து என்னைத் தூக்கி வண்டில வெச்சிருக்கீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்த அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை குந்தி, நட்டை மாட்டி, எல்லாவற்றையும் இடப்பக்கமாகத் திருப்பி இறுக்கினான். எழுந்து, "சரியா இருக்கு, ஏறும்மா" என்றான்.

"ஆமாம்மா, இப்ப சரியா இருக்கு. நான் பாத்துட்டேன், ஏறு" என்றார் சல்லடையும்.

அவள் ஏறவில்லை. இருவரையும் தாண்டிப் போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தச் சக்கரத்தைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் கொடுத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவையும் ஆட்டிப் பார்த்தாள்.