மூட்டத்துக்குள் ராஜு எண்ணிய நட்சத்திரங்கள்

காலில் பூசிய சவுக்கார வாசனை... அதோடு ஈரப் படங்கின் புளித்த வாடை.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற முரட்டுப் படங்குத் துணிதான். அதைப் புல்லில் விரித்து, அட்டை ஏறாமல் இருக்கக் கால் முழுக்கச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்போம். மூன்று பேர்.

இருபது வருசத்துக்கு முந்திய கதை, நண்பர்களே. நான் அப்போது கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி... வாய் மட்டும் பட்டதாரி. சிவா அண்ணன் ஒரு ஆபீசில் கிளார்க், நட்சத்திரப் பைத்தியம். ராஜு வாடகைக்கு ஹயர் ஓடுகிற வேன் டிரைவர். நிலா இல்லாத நாளாகப் பார்த்து, அவன் வேனில் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்து மேட்டுக்குப் போவோம்.

அந்த மேட்டில் வானத்தை நம்ப முடியாது. பத்து நிமிசம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். அடுத்த பத்து நிமிசம் வானமே இருக்காது.

தலைகள் மூன்றும் ஒன்றாக, கால்கள் மூன்று திசையில். விழுகிற நட்சத்திரத்தைக் கண்டவன் குரல் கொடுக்க வேண்டும். சிவா அண்ணன் இருட்டிலேயே கொப்பியில் கோடு போடுவார்.

முதல் தடவை போனபோது ராஜு, "எனக்கு ஒண்ணும் தெரியலடா" என்றான். விடுவேனா நான்... குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். "இந்தக் கண்ணை வச்சிக்கிட்டுத்தான் நம்மளை ஏத்திட்டுப் போறான், சாமியைக் கும்பிட்டுட்டு ஏறுங்க." ஒரு மாதம் ஓட்டினேன்.

அடுத்த தடவையிலிருந்து எங்கள் எல்லோரையும்விட அதிகம் கண்டது ராஜுதான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த மார்கழியில் ஒரு நாள்... வானம் நன்றாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. சத்தமே இல்லாமல் எங்கள் மேல் படுத்துக்கொண்டது. என் கையைத் தூக்கிப் பார்த்தேன். கை இல்லை. கலைந்துவிடும் என்று பேசாமல் கிடந்தேன்.

அப்போதுதான் ராஜுவின் குரல். "அந்தா ஒண்ணு. கிழக்கால."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். சிவா அண்ணனின் பென்சில் சத்தம் கேட்கவில்லை.

"இன்னொண்ணு. பெருசு... வால் தெரிஞ்சுச்சு."

குரலில் விளையாட்டு இல்லை. சந்தோசமாக இருந்தது. என் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒன்றுமே தெரியாத மூட்டத்தைப் பார்த்து ஒரு மனுசன் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான். சிவா அண்ணனின் கை தடவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி. எனக்கு முதலில் வந்த பயத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது... ஏதோ ஒன்று ராஜுவுக்குள் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

சிவா அண்ணன் மெதுவாகக் கேட்டார். "ராஜு, இப்ப மேல என்ன தெரியுது?"

"வானந்தான் அண்ணே. நல்லா வெளிச்சிருச்சு."

"மூட்டம் மூடி ரொம்ப நேரமாச்சுடா" என்றேன் நான்.

அவன் எழுந்து உட்காருவது படங்கின் அசைவில் தெரிந்தது.

"முகத்துல பட்டது வெறும் பனி ஈரம்னு நினைச்சேன்" என்றான். "பொழுது சாஞ்சா எனக்கு ஒரே கறுப்பு. ரெண்டு வருசமா. லைட்டு விழுற இடம் மட்டும் கொஞ்சம் தெரியும். நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சதுக்கப்புறம் சும்மாதான் எண்ணினேன்."

"அப்ப எங்களை எப்படிடா கீழ கொண்டுபோய் விட்ட?"

"வளைவு எண்ணித்தான். பெரிய ரோட்டுக்குப் பதினேழு. அதுக்குத்தான் பாட்டுப் போடுறதில்ல. நீ கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறப்போதான் குழம்பும்."

பாட்டுப் போடாத கஞ்சன் என்று அதற்கும் கேலி பண்ணியிருந்தவன் நான். பின் சீட்டிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எத்தனை இரவு இறங்கியிருக்கிறோம்... அவன் முன்னால் இருட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"வெளிய சொல்லிராதீங்க. லைசன் போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எனக்கு."

சிவா அண்ணன் சொன்னார். "புள்ளைங்க இருக்குன்னுதான் சொல்றேன். சாவியைக் குடு."

அவன் தரவில்லை. நான் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தேன். தடுக்கவும் இல்லை. விடியும்வரை மூவரும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே மூட்டம் அப்படியே நின்றது.

நன்றாக வெளுத்த பிறகுதான் அவன் ஓட்டினான். நான் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் சுவரும் இல்லை, கல்லும் இல்லை... நேரே பள்ளம். பகலில் அன்றுதான் அதைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றார். ராஜு வேனை விற்றான். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது அவனுக்கு மார்க்கெட்டில் தேங்காய்க் கடை. மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஹேவாஹெட்ட ரோட்டில் இப்போது எவ்வளவோ வெளிச்சம். போனை மேலே நீட்டினால் மேகத்துக்குப் பின்னால் இருக்கிற நட்சத்திரத்துக்குக்கூட பேர் சொல்கிறது. இருந்தும் அந்தக் காலத்து வானம் இல்லை.

போன மாதமும் போனோம். ராஜு என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினான். பக்கத்தில் படுத்துக்கொண்டு, "என்ன இருக்குன்னு சொல்லுடா" என்றான்.

இருப்பதைச் சொன்னேன். மேகம் வந்ததும், மூடிவிட்டது என்றேன். எதில் வேண்டுமானாலும் அவனைச் சீண்டுவேன்... அதில் மட்டும் விளையாடுவதில்லை.