நிரையில் ஒரு பாட்டில் தண்ணீர்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். எங்கள் ஓவேலி எஸ்டேட்டில் ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. யார் பெயரை வெட்டலாம் என்று ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். எனக்கோ முடக்குவாதம். நன்றாகத்தான் இருப்பேன், திடீரென்று விரல்கள் வீங்கி, கொழுந்து கிள்ள முடியாமல் வாரக்கணக்கில் படுத்துவிடுவேன்.

மழையைத் திட்டினேன், பனியைத் திட்டினேன், தின்ற உருளைக்கிழங்கைக்கூட விட்டுவைக்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டேன்.

கூடலூர் டாக்டர் ஒருநாள் கேட்டார்: "வீக்கம் வர்றதுக்கு முன்னாடி சளி, காய்ச்சல், வேற ஏதாவது தொந்தரவு வருதாம்மா?"

வந்தது. நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் அது வந்து நாலைந்து நாளில் விரல் வீங்கும். ஆம்பளை டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது? வெட்கத்தைவிட வீடு போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

"கிருமி வந்தா உடம்பு அதோட சண்டை போடும். உங்களுக்கு அந்த நேரத்துல மூட்டு வீக்கமும் சேர்ந்து கிளம்புது போல. முதல்ல இதைக் குணப்படுத்துவோம். பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. தேயிலைக்குள் எந்தப் பொம்பளை தண்ணீர் குடிப்பாள்? குடித்தால் ஒதுங்க வேண்டும். மறைவு ஏது? மேட்டில் சூப்பர்வைசர் நிற்பார். காலையில் ஒரு டம்ளர் பாலில்லாத சாயத்தண்ணி, அப்புறம் சாயங்காலம் வீடு திரும்பித்தான். அதைச் சொன்னதும், "தண்ணி குடிக்காம, அடக்கி வச்சா கிருமி திரும்பத் திரும்ப வரும்மா" என்றார் டாக்டர்.

மருந்து முடிந்து, விரல் வீக்கம் வடிந்து, வேலைக்குப் போன அன்று பாட்டில் கொண்டுபோனேன். எல்லோர் எதிரிலும் குடித்தேன்.

"என்னா புள்ள, பிக்னிக் வந்தியா?" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அக்கா.

"ஆமா, பிக்னிக்தான். குடிக்காம கெடந்து கெடந்துதான் என் கை வீங்குச்சாம். போதுமா?"

அவள் என் பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கிள்ளப் போனாள். மத்தியானம் நான் நெளிவதைப் பார்த்ததும் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து விரித்துப் பிடித்தாள். "வா, நான் மறைச்சுக்கிறேன்."

"அங்க என்னம்மா கூட்டம்?" என்று மேட்டிலிருந்து சத்தம் வந்தது.

"பொம்பளைங்க சோலி! அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று அக்கா கத்தினாள்.

நான் எழுந்ததும் படங்கை என் கையில் திணித்தாள். "இப்ப எனக்குப் புடி. வருசக்கணக்கா எனக்கும் எரியுது புள்ள. யாருகிட்ட சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. படங்கின் இரண்டு முனைகளையும் பிடித்தேன். விரல்கள் நன்றாக மடங்கின.