உம் கொட்டியவள்

பேச்சில் அவளைப் போல் ஒரு கஞ்சப் பிசினாரியைப் பார்க்க முடியாது. ஆனால் கேட்பதில் வள்ளல். அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி, மற்றபடி எல்லோருக்கும் அவள் உம்மக்கா.

அந்தப் பட்டம் வேலையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளும் விடுதி விரிப்புகளும் அங்கே மலை மலையாக வந்து குவியும். துவைத்து உலர்த்தியதை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மூலை பிடித்து மடிக்க வேண்டும். இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் பேச்சு எடுபடாது. மூலை கைக்கு வந்ததும் ஒருத்தி "ம்" என்பாள், எதிரே நிற்பவள் இழுப்பாள். மற்றவர்களின் "ம்" தொண்டையோடு நின்றுவிடும். இவளுடையது அடிவயிற்றிலிருந்து கனமாகக் கிளம்பி, விரிப்பு வழியாகவே எதிராளியின் கைக்குப் போய்ச் சேரும். புருஷன் அடித்தது, மாமியார் ஏசியது என்று எவள் எதைச் சொல்லி அழுதாலும் இவள் பதிலுக்கு அந்த ஒன்றைத்தான் தருவாள். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஆயிரம் சொல்பவர்களைவிட அது மேல் என்று கூடத்திலே பேச்சு.

வீட்டில் ஒரு மகள். இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் நடக்காததையும் சேர்த்துக் கதை கட்டுவதில் கெட்டிக்காரி. அம்மா உம் கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

வெள்ளையடிக்கப் போன கணவன் சாரம் சரிந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கையிருப்பு கரைந்தது, நகை போனது, சொந்தங்கள் வேறு பக்கமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அப்போதுதான் ஒருத்தி வந்து வாடகைத் தாய் சங்கதியைக் காதில் போட்டாள். யாரோ ஒரு தம்பதியின் கருவை வயிற்றில் வாங்கி, வளர்த்து, பெற்றுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் என்றாள். இந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, இதைச் சொல்கிறவர்கள் யாரும் பெறுகிறவர்கள் இல்லை. மகளை நாத்தனார் வீட்டில் விட்டு, அம்மா வெளியூரில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மருத்துவமனைக்குப் பின்னாலேயே விடுதி. ஒரு நீள அறை, வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு வயிறு. ஜன்னல்கள் பாதிக்குமேல் திறக்காது. மாடிப்படி ஏறக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, அழக்கூடாது. விடுதிக்காரம்மா முதல் நாளே சட்டம் படித்தாள்.

"வயித்தத் தடவிக்கிட்டுப் பேசற வேலையெல்லாம் வேண்டாம். வீட்ட வாடகைக்கு விட்டா குடியிருக்கிறவங்ககிட்ட போய்க் கொஞ்சிக்கிட்டா இருப்ப?"

உலகத்தில் எந்த வீட்டுக்காரி குடியிருப்பவர்களிடம் வாய் கொடுக்காமல் இருந்திருக்கிறாள் என்று கேட்க அங்கே ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் நியாயத்தை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அடுத்த கட்டிலில் ஒருத்தி இருந்தாள். வாயாடி. "என்னடா, முழிச்சிட்டியா?" என்று காலையிலேயே வயிற்றோடு வம்பளக்கத் தொடங்கிவிடுவாள். பெற்றுக் கொடுத்துவிட்டுப் போனவள் மறுவாரமே திரும்பி வந்து மருத்துவமனை வாசலில் நின்றாள். விரட்டினால் போவாள், மறுபடி வருவாள். கடைசியில் புருஷன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் வீட்டில் சொந்தப் பிள்ளைகள் இரண்டு இருந்தன. அதுகள் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

அதைக் கேட்ட அன்றே உம்மக்கா முடிவு கட்டினாள். இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போனபடியே முழுசாக மகளிடம் திரும்ப வேண்டும். வாய்தானே, அது தன் பேச்சைக் கேட்கும் என்று நம்பினாள். அவளுக்கா வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது?

பிள்ளைக்கு உரியவள் வேறு ஊர்க்காரி, கல்லூரியில் பாடம் நடத்துபவள். நான்கைந்து கரு கலைந்து, வயிறும் மனசும் வெறுத்துப்போனவள். ஒருமுறை வந்தபோது இவளுடைய வயிற்றைத் தொடலாமா என்று கேட்டுவிட்டு, சரி என்றதும் தொடாமலே போய்விட்டாள். பிறகு ஒரு சின்ன ஒலிபெருக்கியை அனுப்பினாள். அதில் அவளே தன் குரலில் சொன்ன கதை. தினமும் மத்தியானம் வயிற்றின்மேல் வைத்து ஓடவிட வேண்டும், பிறந்ததும் பிள்ளை அம்மாவின் குரலை அடையாளம் காண வேண்டும் என்று ஏற்பாடு.

வழி தவறிய யானைக்குட்டி ஒன்று வீடு வீடாகக் கதவைத் தட்டிப்போகிற கதை. அந்தம்மா எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதைப் போலவே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துவாள். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே, எதிராளி கேட்கிறாரா என்று ஒரு கணம் காத்திருப்பார்கள். அந்த இடத்தைச் சும்மா விடுவது, வீடு தேடி வந்தவரை வாங்க என்று சொல்லாமல் வாசலிலேயே நிறுத்துவது போல.

உம்மக்காவால் அது முடியவில்லை. முடியவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மூலை கைக்கு வந்ததும் வருகிற "ம்" தானாக வந்துவிட்டது. தட்டுச்சு. ம். கதவு தொறந்துச்சு. ம். தினமும் மத்தியானம், கண்ணை மூடியபடி, வயிறு அதிர அதிர.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே துணி கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கதவு சாத்தியதும் நின்றுவிட்டது. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. பால் வற்ற மாத்திரை கொடுத்து மார்பை இறுக்கிக் கட்டினார்கள். பால் சொன்னபடி கேட்கவில்லை. கட்டு நனைந்து நனைந்து காய்ந்தது. வலியைவிட அந்த வாடைதான் அவளை வதைத்தது, மகள் பிறந்தபோது வீடெல்லாம் இருந்த அதே வாடை.

பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. அதனால் அந்தம்மாவும் கணவரும் பிள்ளையோடு அடுத்த அறையிலேயே தங்க வேண்டியதாயிற்று. பிள்ளை அழுதது. ஊட்டினாலும் அழுதது, தூக்கினாலும் அழுதது. அந்தம்மா கதையைத் தொடங்குவாள். பிள்ளை சட்டென்று அடங்கிக் காது கொடுக்கும். ஒரு வாக்கியம் முடியும், சின்னதாக ஓர் இடைவெளி வரும், உடனே வீறிட்டு அலறும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடைவெளி வரும்போதெல்லாம் அவள் தொண்டை தானாக எழும்பியது. அப்போதுதான் புரிந்தது. போர்வையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். நாளைக்கு அனுப்பிவிடுவார்கள், இதோடு முடிந்தது, பேசாமல் இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் அந்தம்மாவே வந்து கட்டிலருகே நின்றாள். தலை கலைந்திருந்தது. பின்னாலேயே விடுதிக்காரம்மா.

"உண்மையச் சொல்லுங்க. நீங்க அதப் போட்டே இருக்க மாட்டீங்க. போட்டிருந்தா என் குரல் ஏன் அதுக்கு அடையாளம் தெரியல?"

விடுதிக்காரம்மா தன் பங்குக்கு, சோம்பேறிக் கழுதைகள், கொடுத்ததை அலமாரியில் போட்டுவிட்டுத் தூங்குவார்கள் என்று எண்ணெய் ஊற்றினாள். ஆமாம், போடவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். சோம்பேறிப் பட்டத்தோடு தப்பித்து வீடு போயிருக்கலாம். ஆனால் அந்தம்மா அழுத அழுகை அப்படி. அது தனக்கு இல்லாத ஒன்றுக்காக ஏழெட்டு வருஷமாக அழுகிறவளின் அழுகை. உம்மக்கா தையலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த அறையில் தொட்டிலுக்கு முதுகு காட்டி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கதையச் சொல்லுங்க மேடம்."

அந்தம்மா தேம்பியபடியே தொடங்கினாள். யானைக்குட்டி ஒண்ணு வழி தவறிப் போச்சு.

"ம்."

அழுகை நின்றது. ஒரு வீட்டுக் கதவத் தட்டுச்சு. ம். பிள்ளை மூச்சை இழுத்துவிட்டது. கதை பாதிகூடப் போகவில்லை, தூங்கிவிட்டது. அந்தம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு மெல்லக் கறுத்தது. இவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உயிரே துடித்தது. அவள் திரும்பவில்லை.

"அதான் வாயத் தொறக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்று விடுதிக்காரம்மா பல்லைக் கடித்தாள்.

"நான் வாயத் தொறக்கவே இல்லம்மா," என்றாள் உம்மக்கா. அதுவும் உண்மைதான். ம் சொல்ல வாய் திறக்க வேண்டியதில்லை.

கணவர் கைபேசியை நீட்டினார். பதிவு செய்துகொள்ளலாமா என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். அந்தம்மா மறுபடியும் முழுக் கதையையும் சொல்ல, இவள் இடைவெளிக்கெல்லாம் உம் கொட்டினாள். யானைக்குட்டி கடைசியில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் ஒரு "ம்" வாங்கிக்கொண்டார்கள். அந்தம்மா அவள் கையைப் பிடித்து, நீங்கள் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னாள். கையை விடத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தாள். கணவன் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். மகள் ஒரு சுற்று வளர்ந்திருந்தாள். பள்ளி விட்டு வரும்போது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, சேர்த்து வைத்திருந்த கதைகளை அவிழ்த்தாள்.

"எங்க டீச்சர் இன்னிக்கு அழுதாங்கம்மா."

இடைவெளி.

"அம்மா, உம் சொல்லு."

அவள் நின்றாள். அடிவயிற்றில் தையல் இழுத்தது. எங்கோ ஒரு வீட்டில், மத்தியானத் தூக்கத்துக்கு, அந்தச் சத்தம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். தொண்டைவரை வந்ததை அவளால் வெளியே விட முடியவில்லை. விட்டால் யாருக்காக விடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொல்லும்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள்.

மகள் அம்மாவின் விரலை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கதையைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே "ம்" என்று சொல்லிக்கொண்டாள்.