திரையில் எல்லாம் நார்மல்

போன வாரம் நன்றாகப் பயந்துபோனேன். இதை எழுதும்போதும் பயம் முழுசாக விடவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சுவலி. சூலூரிலிருந்து கோவைக்குக் கூட்டிவந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியபோது மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டார்கள். இதயத் துடிப்பு நர்ஸ்களின் கம்ப்யூட்டர் திரையில் ஓடும். தாறுமாறானால் அலாரம் அடிக்கும். இனி என்ன கவலை? நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மதியம் அண்ணன் என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"அம்மணி... கண்ணு இருட்டிக்கிட்டு வருது..."

ஓடினேன். "சிஸ்டர், அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க!"

நர்ஸ் திரையைப் பார்த்தார். "துடிப்பு நார்மலாத்தானுங்க இருக்குது. பயப்படாதீங்க."

"நீங்க வந்து பாருங்க!"

வந்தார். நாடியைப் பிடித்தார். அவர் முகம் மாறியது பாருங்கள் — அதைத்தான் மறக்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே நின்று அந்தத் திரையைப் பார்த்தேன். அண்ணன் பெயருக்கு நேராக அழகான பச்சைக் கோடு. அது அசையவே இல்லை! கம்ப்யூட்டர் ஹேங் ஆகியிருந்தது. சற்று நேரத்தில் திரை கறுத்து, பணம் கேட்டு மிரட்டல் வந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

பில்லிங்கில் யாரோ ஈமெயிலில் வந்த ஃபைலைத் திறந்தாராம்; அதிலிருந்த வைரஸ்தான் எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கியதாம். அதற்கும் அண்ணன் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கல்லூரித் தோழி ரெஜினாவைக் கேட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டம் — கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படை மென்பொருள் — எழுதுவதுதான் அவள் வேலை.

"ஒரு புரோகிராமைத் திறந்தீன்னா, உனக்கு இருக்கற அத்தனை அதிகாரமும் அதுக்குப் போயிருது. பக்கத்து மெஷினும் 'நம்ம ஆளு'ன்னு உள்ளே உட்டுருது. அடிப்படையே அப்படித்தான் புள்ள."

"மாத்த முடியாதா?"

"முடியும். எந்தப் புரோகிராமுக்கும் அந்த வேலைக்கு வேணுங்கறதை மட்டும் குடுக்கோணும். ஒரு மெஷின் இன்னொண்ணைக் கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. அஸ்திவாரத்துல இருந்து எழுதோணும். எழுதிட்டுத்தான் இருக்கறோம். ஆனா இப்ப இருக்கற சாஃப்ட்வேர் பாதி அதுல ஓடாது. ஆரு வாங்குவாங்க, சொல்லு?"

ஆஸ்பத்திரி, பேங்க், கரன்ட்... எல்லாமே ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. எங்கோ ஒருவர் ஒரு ஃபைலைத் திறந்தால் போதும். பயப்படாமல் எப்படி இருப்பது?

நேற்று அண்ணனை டிஸ்சார்ஜ் செய்தார்கள். கிளம்பும் முன் மேனேஜரிடம் கேட்டேன்: "இனி இப்படி நடக்காம இருக்க என்னங்க செஞ்சிருக்கறீங்க?"

"அதெல்லாம் பக்காங்க! எல்லா கம்ப்யூட்டர்லயும் பாஸ்வேர்டை மாத்திப்போட்டமுங்க!"