மாரீஸ்வரியின் இங்கிலீஷ் வகுப்பு

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் இங்கிலீஷைத் திருத்துவார்கள். இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்து ஆரம்பப்பள்ளி அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் “வாட் யூ ஆர் ஈட்டிங்?” என்று கேட்டேன். ஐந்து வயதுக்காரி ஒருத்தி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “வாட் ஆர் யூ ஈட்டிங், மிஸ்” என்றாள். கேலி இல்லை, ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு யாரும் இலக்கணம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறேன். சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகிற வழியில் எங்கள் ஊர். அக்கா தன் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைப்பாள். அவள் மகள் ராஜியோடு தெருப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். எல்லோருக்குமே நான் சித்திதான். அன்று பட்டாசுக் கம்பெனிக்கு லீவு என்பதால் அம்மாமார்களும் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஹீ, ஷீ வந்தால் வினைச்சொல்லோடு எஸ் சேர வேண்டும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். அவரவர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு மாரீஸ்வரி எழுந்து, “மை மதர் கோ டு கம்பெனி” என்றாள்.

“கோ இல்ல, கோஸ்.”

பின்னால் நின்ற அவள் அம்மா பொன்னுத்தாய் கேட்டாள்: “நான் ஒருத்திதான போறேன், அதுக்கு எதுக்கு அம்புட்டு நீட்டமாச் சொல்லணும்?”

எல்லோரும் சிரித்தோம். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லீவு நாளிலும் அவள் நகக்கண்களில் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு மினுங்கியது.

தீபாவளி சீசன் ஆர்டர்கள் குவிந்து கிடந்த நேரம். அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். “கம்பெனில மருந்து வெடிச்சிருச்சுடி. பொன்னுத்தாயி போயிட்டா.” போனை வைத்துவிட்டாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

நவம்பரில் இங்கும் வாணவேடிக்கை உண்டு. உடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் பூங்காவுக்கு என்னைக் கூட்டிப்போனாள். முதல் வெடிக்கே நான் அழுதுவிட்டேன். அவள் என் தோளை அணைத்து, “பயப்படாதே, வெறும் பட்டாசுதான். உங்கள் நாட்டில் இதெல்லாம் உண்டா?” என்று கேட்டாள். உண்டு என்றேன்.

வகுப்பு நின்றுபோயிருந்தது. பிள்ளைகளே கேட்டு மறுபடி ஆரம்பித்தபோது மாரீஸ்வரியும் வந்தாள். எண்ணெய் வைக்காத தலை. அம்மா, அப்பா பற்றிய வாக்கியங்களே வராதபடி காய்கறி, பழம் என்று நடத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள் தானாகவே எழுந்தாள்.

“சித்தி, எங்கம்மா என்ன செய்யுதுன்னு என்னையக் கேளுங்க.”

கேட்டேன்.

“மை மதர் கோஸ் டு கம்பெனி.”

எஸ் சரியாக விழுந்தது. ராஜி சின்னப்பிள்ளைதானே; “ஏ, வென்ட்டுன்னுதான சொல்லணும்? சித்தி, தப்புதான?” என்றாள். அக்கா அவள் வாயைப் பொத்தினாள்.

“எனக்குத் தெரியும், வென்ட்டுதான்,” என்றாள் மாரீஸ்வரி. “இன்னைக்கு மட்டும் கோஸ்னு சொல்லிக்கிறேன்.”

“சொல்லும்மா,” என்றேன்.

உட்காரப் போனவள் திரும்பிக் கேட்டாள்: “நீங்க எப்ப ஊருக்கு வருவீக சித்தி?”

என் விசா விஷயம் இழுத்துக்கொண்டே கிடந்தது. நான் ஊரைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. “வருவேன்” என்றேன்.

“இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

“ஐ வில் கம்.”

பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஐ வில் கம், ஐ வில் கம்” என்று ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். லெஸ்டரில், விடிந்தும் விடியாத குளிர்ந்த அடுப்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே, மதிய வெயிலில், அத்தனை குரல்களும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன.