உருண்டைப் பிடி

பழைய சட்டைத் துணியில் எண்ணெய் தொட்டு வாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாள் அடிப்பதும் சாணை பிடிப்பதும் கணவர் பாடு. பிடிக்குத் தோல் சுற்றுவது, துடைப்பது, கூடவே சமையல் எல்லாம் இவள் தலையில். கல்யாணமான நாளாய் இடுப்பு வலி ஒன்றுதான் லீவு போட்டதில்லை.

இது மகளின் வாள். நாளைக்கு அவளுக்கு வெட்டுப் போட்டி. நனைத்துச் சுருட்டிய பாயை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். நேற்றுப் பயிற்சியில் வாள் பாதிப் பாயோடு சிக்கி நின்றுவிட்டது.

துடைத்ததும் வழக்கம்போல, பிடிக்குச் சற்று முன்னால் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வாள் முனைப்பக்கம் குப்புறச் சாய்ந்தது. பிடியின் கடைசியில், வாளைச் சமன் செய்யும் கனத்த குமிழைக் காணோம். சுண்டைக்காய் மாதிரி ஒன்று இருந்தது.

"குமிழை மாத்திட்டீங்களா?"

"நேத்துப் பாதியில சிக்கிச்சில்ல, முன்பக்கம் கனம் இருந்தா நல்லா இறங்கும்டி," என்றார் கணவர், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இறங்கும். அப்புறம் நிக்குமா? பாயை அறுத்துட்டு நேரா இவ முழங்காலை நலம் விசாரிக்கப் போகும்," என்று பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள்.

"உங்கம்மாவுக்கு வாள் எதுக்கு, வாயே போதும்," என்றார் அவர் மகளிடம்.

மகள் இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு மெல்ல ஓங்கி இறக்கினாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. முக்காலியின் ஓரத்தில் போய்க் கொத்தியது.

கணவர் அரத்தைக் கீழே வைத்தார். இவள் முக்காலியில் விழுந்த வெட்டுத் தடத்தைப் பார்த்தாள். கோணலாக இருந்தது. வாளை வாங்கிக் கண்ணை மூடிப் பிடியைப் பற்றினாள். கூர் எந்தப் பக்கம் என்றே கைக்குத் தெரியவில்லை. முட்டை வாட்டத்தில் தட்டையாக இருக்க வேண்டிய பிடி உருண்டிருந்தது. போன வாரம் மகள் உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டியபோது, தோலுக்கு அடியில் மெத்தென்று துணி வைத்துச் சுற்றியது இவள்தான்.

"நேத்துச் சிக்கினது கனத்தால இல்லைங்க. பிடி கைக்குள்ளயே திரும்புது. என் வேலைதான்."

"அடடா! தாய்ப்பாசம் பாயில சிக்கிக்கிச்சா?" என்றார் கணவர்.

இவள் சுற்றைப் பிரித்துத் துணியை உருவி எறிந்து, தோலை மட்டும் இறுக்கிச் சுற்றினாள். பழைய குமிழைக் கணவரே தேடியெடுத்து மாட்டினார். வாள் விரலில் சாயாமல் நின்றது.

மகள் பிடித்துப் பார்த்தாள். "இப்பத் தெரியுதும்மா, கூர் எங்க இருக்குன்னு." பிறகு உள்ளங்கையை விரித்தாள். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. "ஆனா வெறும் தோலு உரசி இது உடைஞ்சுதுன்னா என்னம்மா பண்றது?"

"மஞ்சள் குழைச்சுக் கொண்டாறேன். இனிமே துணி உன் கைக்குத்தான், பிடிக்கு இல்ல," என்று எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, இவள் அடுப்படிக்குப் போனாள்.